மச்சுக்குப் போகும் வழி

என் இடுப்பு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. தலையும் தோளும் கைகளும் மச்சுக்குள் இருட்டில் இருந்தன. மிச்ச உடம்பு சமையலறைக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே மேசைமேல் நின்று என் நாத்தனார் என் பாதங்களைத் தன் தோளில் தாங்கி நெட்டித் தள்ளினாள்.

"மூச்ச விடுங்க அண்ணி! வயித்த உள்ள இழுங்க!"

விட்டேன். இழுத்தேன். பலகை விளிம்பு இரண்டு பக்கமும் இடுப்பைக் கடித்தது. தெருவில் நாய்கள் குரைக்கும் சத்தம் கிட்டே வந்துகொண்டிருந்தது. மூன்று வீடு தள்ளி யாரோ கதவைத் துப்பாக்கிக் கட்டையால் இடிக்கிறார்கள் என்று தெரிந்தது. என் கை வியர்த்து உத்தரத்திலிருந்து வழுக்கியது. அவள் தோளிலிருந்து ஒரு கால் நழுவியது. அடுத்த நொடி மேசை விளிம்பில் இடித்துக்கொண்டு தரையில் கிடந்தேன். வலது கணுக்கால் எனக்கு அடியில் மடங்கியிருந்தது. காய்ந்த மட்டையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாக நினைவு.

நான் அலறவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். இந்தச் சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்குமோ என்ற பயத்தில் வலி எங்கோ தள்ளி நின்றது.

சிப்பாய்கள் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. கதவை இடித்த அந்த வீட்டிலிருந்து இரண்டு கோழியையும் ஒரு கூடை முட்டையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். அதுவரை நாத்தனார் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்திருந்தால் பூனை மாதிரி ஒரே தாவலில் மச்சுக்கு ஏறியிருக்கலாம். ஏறவில்லை. அன்றைக்கு நடந்ததில் என்னை அதிகம் பயமுறுத்தியது அதுதான். கால் ஒடிந்ததுகூட இல்லை.

ஜப்பான்காரர்கள் மலாக்காவுக்குள் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் அந்த ஊரின் காஜா பேராங் பகுதியில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஆற்றோரம் ஒரு சீனரின் ரப்பர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி. எனக்கு இருபத்தாறு வயது. நாத்தனாருக்குப் பதினாறு. தாய் தகப்பன் இரண்டு பேரும் ஒரே காய்ச்சலில் போனபின், ஒன்பது வயதிலிருந்து அவள் எங்களோடுதான் இருந்தாள். நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். சண்டை நெருங்குகிறது என்றதும் அவள் முடியை ஆண்பிள்ளை மாதிரி ஒட்ட வெட்டி, அவள் அண்ணனின் சட்டையைப் போட்டுவிட்டேன். முகத்தில் கரி பூசினேன். என்ன பூசினாலும் அவள் பெண்ணாகத்தான் தெரிந்தாள்.

என் உடம்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சண்டைக்கு முந்தின வருஷம் ஒருநாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, ரப்பர் ஷீட் நிறுக்கும் தராசில் என்னை ஏறச் சொன்னார். நூற்று நாற்பது கட்டி, இன்றைய கணக்கில் எண்பத்து நாலு கிலோ. அங்கிருந்த கூலியாட்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதற்கு முன் இரண்டு பிள்ளைகளை வயிற்றிலேயே இழந்திருந்தேன். இரண்டாவதற்குப் பிறகு சாப்பிட ஆரம்பித்தேன். பசித்தது என்று இல்லை, வாய் சும்மா இருந்தால் அழுகை வந்தது. யாரும் தடுக்கவில்லை. சாப்பிட்டாலாவது சரி என்று எல்லோரும் இருந்தார்கள்.

எலும்பு கட்டுகிற மலாய்க்காரர் ஒருவரைக் கணவர் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். அவர் காலைத் தடவிப் பார்த்தார். நான் பாப்பாவின் தோளைக் கடித்துக்கொண்டிருந்தபோதே ஒரே இழுப்பில் நேராக்கினார். இஞ்சியும் ஏதோ தழையும் அரைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார். கை கழுவிக்கொண்டே மலாயில் சொன்னார்.

"எலும்பு ஒட்டிக்கும். ஆனா இந்தக் காலால இவ்வளவு பெரிய உடம்பத் தூக்க முடியாது. கட்டு பிரிக்கிறதுக்குள்ள உடம்ப எறக்கு. இல்லேன்னா மறுபடியும் உடையும், அப்ப என்னைக் கூப்பிடாதே."

அவர் போனபின் கணவர் தங்கையை அழைத்தார். குரலை உயர்த்தாத மனிதர் அன்று உயர்த்தினார்.

"அடுத்த தடவ அண்ணிய பாக்காதே. நீ மேல ஏறிடணும். கேட்டியா?"

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி ஏறாம நான் ஏற மாட்டேன்."

"அவங்களுக்குக் கால் ஒடஞ்சு கெடக்குது!"

"அப்ப நானும் கீழதான் கெடப்பேன்."

அதற்குமேல் அவளிடம் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. நான் கெஞ்சினேன், திட்டினேன், என்மேல் சத்தியம் செய் என்றேன். அவள் அரிசியைப் புடைத்துவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

மச்சு வழியைப் பெரிதாக்க முடியாதா என்று கேட்பீர்கள். நாங்களும் பார்த்தோம். அது இரண்டு உத்தரங்களுக்கு நடுவில் இருந்தது. கூரையே அந்த உத்தரங்கள்மேல்தான் நின்றது. மற்ற அறைகளிலும் உத்தரங்களுக்கு நடுவே அதே அளவு இடம்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் பின்னாலிருந்த சதுப்புக்குள் ஓடி ஒளிந்தார்கள். ஒடிந்த காலோடு நான் எங்கே ஓடுவது? ஆக, குறைய வேண்டியது என் உடம்புதான்.

கணவர் நாலு மரச் சட்டங்களை ஆணியடித்து, மச்சு வழியின் அளவுக்கு ஒரு சதுரம் செய்துகொண்டுவந்தார். படுக்கையில் உட்கார்ந்தபடியே அதைத் தலைவழியாக மாட்டிப் பார்க்கலாம். மாட்டினேன். மார்போடு நின்றுவிட்டது. பாப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கூரையிலிருந்து படுக்கைக்குமேல் ஒரு கயிறும் கட்டினார். கால் அசையாமல், கைகளால் மட்டும் என்னை நானே தூக்கிப் பழக வேண்டும். முதல் நாள் ஒரு தடவைகூட முதுகு பாயை விட்டு எழவில்லை. உள்ளங்கை தோல் உரிந்தது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி பிடித்தேன்.

சாப்பாட்டைப் பாதியாக்கினேன். அப்போது அரிசிக்கு அவ்வளவு தட்டுப்பாடு வரவில்லை. ஸ்டோர் முதலாளி கொடுத்திருந்த மூட்டை இருந்தது. வந்துபோனவர்கள் எல்லோரும் எலும்பு ஒட்ட வேண்டுமானால் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா அதைச் சொல்லிக்கொண்டே பலகாரம் கொண்டுவருவார். அவர் பல தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழ் மறந்துபோன மலாக்கா செட்டி வீட்டுப் பெண். நெற்றியில் விபூதி, இடுப்பில் சாரோங், பேச்சு மலாய். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்து வாழையிலையில் அவிப்பார். "சாப்பிடு அடெக், தெம்பு வேணாமா?" என்று தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போவார்.

ஒரு மத்தியானம் நான் தனியாக இருந்தேன். பாப்பா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் ஆறு பொட்டலங்கள். ஒன்றைப் பிரித்தேன். பாதி தின்றுவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆறையும் தின்றேன். இலையில் ஒட்டியிருந்த வெல்லத்தையும் நக்கினேன். கடைசி இலையை வாயில் வைத்திருந்தபோது தெருவில் லாரிச் சத்தம் கேட்டது.

எழ முடியாது. கத்திக் கூப்பிட்டால் பாப்பா வீட்டுக்குள் ஓடிவருவாள், மச்சுக்குப் போக மாட்டாள், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கூப்பிடாவிட்டால் கிணற்றடியில் எல்லோர் கண்ணிலும் படுவாள். வாயெல்லாம் இனிப்போடு, கை பிசுபிசுக்க, நான் எதுவும் செய்யாமல் படுத்திருந்தேன். லாரி நிற்காமல் போய்விட்டது. ஆனால் அது எங்கள் வாசலைத் தாண்டிய அந்த நேரம் முழுக்க என் வயிற்றில் அந்த ஆறு பொட்டலமும் கல்லாகக் கிடந்தன. இவளைச் சிப்பாய் கையில் பிடித்துக் கொடுக்கப்போவது என் வாய்தான் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த எச்சில் சட்டியில் வாந்தியெடுத்தேன்.

பாப்பா ஈரக் கையோடு வந்து இலைகளைப் பார்த்தாள். எண்ணியிருப்பாள். எனக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"பாப்பா, இனி நான் சாப்பிடுறப்ப நீ என் முன்னால உக்காரு" என்றேன். "எங்கயும் போகாதே. ஒன்னய பாத்துக்கிட்டேதான் சாப்பிடணும்."

அன்றிலிருந்து அப்படித்தான். அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவாள். இன்னொரு கவளம் என்று கை போகும்போது அவள் கழுத்தைப் பார்ப்பேன், சட்டைக் காலருக்குமேல் ஒல்லியாக நிற்கும் அந்தக் கழுத்தை. கை தானாகவே பின்வாங்கும். தைரியம் வந்தது, வைராக்கியம் வந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். வந்தது பயம் மட்டும்தான். பயம் எப்போதும் ஒரே அளவில் இருக்காது என்பதுதான் சங்கடம். நாலு நாள் தெரு அமைதியாக இருந்தால் பசி ஜெயித்துவிடும். அப்போதெல்லாம் ஏதாவது ஒரு செய்தி வந்து சேரும். அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குள் சிப்பாய்கள் போய் வெகுநேரம் கழித்து வந்தார்களாம். அந்த வீட்டுப் பெண் அதற்குப் பிறகு கிணற்றடிக்கு வரவே இல்லை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அன்று நான் கயிற்றைப் பிடித்து நாற்பது தடவை எழுந்தேன்.

சட்டம் மார்பைத் தாண்டியது. வயிற்றில் நின்றது. வயிற்றைத் தாண்டியது. இடுப்பில் வந்து நின்றுகொண்டு பல நாள் நகரவே இல்லை. பாவாடையில் நாடா இழுக்க இழுக்க வந்தது, கன்னம் ஒட்டியது, ஆனால் சட்டம் மட்டும் அதே இடத்தில் முட்டியது. அப்போது ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. சதை குறையும். எலும்பு குறையுமா? யாருக்கும் தெரியாமல் இடுப்பெலும்பை விரலால் அழுத்தி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாணால் அளப்பேன். சட்டத்தையும் சாணால் அளப்பேன். ஒருநாள் சரியாக வரும், மறுநாள் அரை விரல் அதிகமாக வரும். கணவரிடம் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, எலும்பே பெருசா இருந்தா என்னாங்க செய்யறது?"

அவர் சட்டத்தைக் கையில் எடுத்து மூலைக்கு மூலை பார்த்தார். பிறகு, "குறுக்கால திரும்பிப் போயேன்" என்றார்.

நேராக மாட்டாமல் கோணத்துக்குக் கோணம் திருப்பி மாட்டினேன். தோலைச் சிராய்த்துக்கொண்டு சட்டம் இடுப்பைத் தாண்டித் தொடையில் விழுந்தது. பாப்பா கைதட்டினாள். நான் அழுதேன். எனக்கு அதில் சந்தோஷம் என்று ஒன்றும் இல்லை. இனி நிஜமாகவே ஏற வேண்டும் என்ற நடுக்கம்தான்.

கட்டுப் பிரித்தபோது கால் என்னுடையது மாதிரியே இல்லை. மெலிந்து, வெளுத்து, பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பி இருந்தது. ஊன்றினால் உயிர் போனது. சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். முதல் வாரம் ஒரு சுற்றுக்கே கண் இருட்டியது. "தெனமும் நட, நிறுத்தாதே, நின்னா கால் அப்படியே எறுகிப்போயிரும்" என்று எலும்பு கட்டுகிறவர் சொல்லியிருந்தார். நின்றுபோகத்தான் ஆசையாக இருந்தது.

பிறகு ஒத்திகைகள். நான்தான் முதலில் ஏற வேண்டும், மெதுவானவள் நான் என்பதால். அடுத்தது பாப்பா. மூடுபலகையை உள்ளிருந்து அவள் இழுத்து மூடுவாள். கணவர் கீழே, நாங்கள் ஏறின முக்காலியை மேசையிலிருந்து எடுத்து, மேசையை நகர்த்தி, அதன்மேல் சட்டி பானையை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறப்பார். முதல் தடவை அவர் நூற்றுப் பத்து எண்ணும்வரை ஆனது. என் இடுப்பின் இரண்டு பக்கமும் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. போகப்போக எழுபதுக்கு வந்தது, பிறகு நாற்பதுக்கு.

மச்சுக்குள் படுத்துக்கொண்டு அவர் கீழே சட்டி வைக்கும் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். எத்தனை ஒத்திகை! அத்தனையிலும் அவர் கீழேதான் இருந்தார். அது எங்கள் மூன்று பேர் கண்ணிலும் படவில்லை.

வருஷம் திரும்பியது. ஸ்டோரை மூடிவிட்டார்கள். கணவர் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டார். அரிசி ரேஷன் சுருங்கச் சுருங்க எல்லோரும் ஒரே மாதிரி ஆனோம். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்து, "ஒனக்கு இனிமே பத்தியம் தேவையில்ல, அடெக். ஜப்பான்காரனே பத்தியம் போட்டுட்டான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் சாரோங்கின் முடிச்சு வயிற்றில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது.

பக்கத்து ஊரான தம்பினுக்குப் போகும் ரயில் பாதையைப் பிடுங்குகிறார்கள், தண்டவாளமெல்லாம் ஜப்பான்காரன் புது ரயில் போடுகிற சயாமுக்குப் போகிறது என்று பேச்சு வந்தது. ரப்பர் தோட்டங்களில் ஆண்களை அந்த வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்றும் சொன்னார்கள். தோட்டத்து ஜனங்களை நினைத்துப் பாவம் என்றோம். நாங்கள் பட்டணத்து ஆட்கள் என்று எங்களுக்கு நினைப்பு.

அன்று பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கணவருக்கு இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறைச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் லாரி நின்ற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலாயில் கத்தினார்.

"வர்றாங்க! வீடு வீடா வர்றாங்க!"

கணவர் எழுந்து முக்காலியை மேசைமேல் வைத்தார். நான் ஏறினேன். கணுக்கால் மளுக்கென்றது, பல்லைக் கடித்துக்கொண்டேன். உத்தரத்தைப் பிடித்து, குறுக்கே திரும்பி, ஒரே இழுப்பில் உள்ளே போனேன். பின்னாலேயே பாப்பா வந்தாள். மூடுபலகை மூடியது. கீழே முக்காலி இறங்கியது, மேசை நகர்ந்தது, சட்டி உட்கார்ந்தது. எல்லாம் பழகியபடி ஒழுங்காக நடந்தது. எனக்கு ஒரு சின்னத் தெம்புகூட வந்தது. இத்தனை மாதம் வயிற்றைக் கட்டியதற்கு இந்த ஒரு நாள் போதும் என்று நினைத்தேன்.

பூட்ஸ் சத்தம் உள்ளே வந்தது. நாலு பேர் இருப்பார்கள். அவர்களோடு வந்த ஆள் ஒருவன் தமிழில் பேசினான்.

"எத்தன ஆம்பள இருக்கீங்க?"

"நான் ஒருத்தன்தான்யா."

"பொம்பளைங்க?"

"சிரம்பான்ல இருக்காங்க. சொந்தக்காரங்க வீட்டுல."

ஜப்பான்காரன் ஏதோ சொன்னான். பெண்களைப் பற்றி இன்னும் கேட்கப்போகிறார்கள் என்று நான் மூச்சை அடக்கினேன். அவன் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"என்ன வயசு?"

"முப்பத்தி நாலு."

"கிளம்பு. ஒரு சட்ட எடுத்துக்க."

"எனக்குக் காய்ச்சல்ங்கய்யா. தொட்டுப் பாருங்க. நிக்கவே முடியல."

"இப்ப நின்னுக்கிட்டுத்தானே இருக்கே?"

பாப்பா என் பக்கத்தில் எழுந்தாள். அவள் வாய் திறப்பது இருட்டிலும் எனக்குத் தெரிந்தது. அண்ணா என்று கத்தப்போகிறாள். நான் அவள்மேல் விழுந்து வாயைப் பொத்தினேன். அவள் என் கையைக் கடித்தாள். விடவில்லை. கயிற்றில் தொங்கித் தொங்கி என் கைக்கு ஏறியிருந்த பலம் முழுவதையும் அவள் வாய்மேல் வைத்து அழுத்தினேன். கீழே ஒரு அறை விழுந்த சத்தம் கேட்டது. யாரோ சட்டியைத் தட்டிவிட்டார்கள். பிறகு பூட்ஸ்கள் வெளியே போயின. செருப்பில்லாத ஒரு ஜோடிக் கால்களும் கூடவே போயின. மேல் பக்கம் அவர் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பார்த்திருந்தால் சிப்பாயும் பார்த்திருப்பான்.

லாரி கிளம்பிப் போன பிறகும் நான் கையை எடுக்கவில்லை. எடுக்கப் பயமாக இருந்தது.

"விடுங்க அண்ணி" என்று என் விரல்களுக்கு நடுவிலிருந்து அவள் முனகினாள். "அவங்க போயிட்டாங்க."

மேசையை நகர்த்தி முக்காலி வைக்கக் கீழே யாரும் இல்லை. அவள் தொங்கிக் குதித்துப் போய் மேசையை இழுத்துவந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தலைகீழ். யாரும் சொல்லாமலே சாப்பாடு நின்றுபோனது. சோற்றைப் பார்த்தால் அவர் என்ன தின்கிறாரோ என்று தட்டைத் தள்ளிவைத்துவிடுவேன். இப்போது பாப்பா எதிரே உட்கார்ந்து என்னை மிரட்டினாள். "அண்ணி, ஒரு கிழங்கு. நான் பாக்குறேன், முழுங்குங்க." முழுங்கினேன். அவளையும் தனியாக விட்டுவிட்டுச் செத்துப்போய்விடுவேனோ என்ற பயம் புதிதாகச் சேர்ந்திருந்தது. என் கைகளில் தோல் பைபோல் தொங்கியது. எலும்பு கட்டுகிறவர் ஒருநாள் தெருவில் பார்த்துவிட்டு, "எறக்கச் சொன்னேன், சாகவா சொன்னேன்?" என்று திட்டினார்.

வாரம் ஒருமுறை தடியை ஊன்றிக்கொண்டு பட்டணத்துக்கு நடந்தேன். பிடித்துக்கொண்டு போனவர்களின் பெயரை விசாரிக்க ஒரு கட்டிடத்து வாசலில் பெண்கள் கூடுவார்கள். போகிற வழியில் ஒரு காவல் சிப்பாய். அவனுக்குச் சரியாகக் குனிந்து வணக்கம் செய்யாவிட்டால் அறை. கால் ஊன்றி இடுப்பை வளைத்து நான் குனிந்து நிமிர்வதற்குள் விழுந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு தடவையும் தடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். ஒரு தடவை விழுந்தும்விட்டேன். அவன் துப்பாக்கி நுனியால் என் தடியைத் தள்ளிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் தவழ்ந்து போய் எடுத்துக்கொண்டேன். கட்டிடத்து வாசலில் ஒருவருக்கும் ஒரு பதிலும் கிடைக்கவில்லை. ஆனாலும் அடுத்த வாரமும் போனேன். வீட்டில் உட்கார்ந்திருந்தால் சயாம் என்ற அந்த ஒரு சொல் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

நாலு மாதம் கழித்து அவர் வந்தார். ஒரு மலாய்க்காரர் மாட்டு வண்டியில் தெருமுனைவரை கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை முதலில் பார்த்தது பாப்பாதான். "அண்ணா" என்று அன்றைக்குக் கத்தவேண்டியதை அப்போது கத்தினாள்.

சயாமுக்குப் போகவில்லை. தம்பின் பாதையில் தண்டவாளம் பெயர்க்கிற வேலை செய்ய வைத்திருந்தார்கள். வேலை முடிந்ததும் ஆட்களைச் சயாம் ரயிலில் ஏற்றினார்கள். ஏற்றுமுன் ஒவ்வொருவரையும் நடந்து காட்டச் சொன்னார்களாம். நடக்க முடியாதவர்களை ஓரமாக நிறுத்தினார்கள். இவரையும் நிறுத்தினார்கள். "கொல்லத்தான் ஒதுக்கறாங்கன்னு நெனச்சேன்" என்றார். ரயில் போனதும் அவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். ரயில் ஏறியவர்களில் அவரோடு ஒரே கொட்டகையில் படுத்தவர்கள் பதினோரு பேர். சண்டை முடிந்த பின்னும் அவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

அவரைத் தேற்றியது பெரும்பாலும் பாப்பாதான். மரவள்ளி மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, கரண்டி கரண்டியாகக் கொடுப்பாள். நான் கதவருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இப்போது ஒளித்துவைக்க வேண்டியவர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். எனக்குத் தூக்கம் என்பதே போய்விட்டது.

அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தபின் ஒருநாள் காலை, சுருட்டு வாங்கிவருகிறேன் என்று தனியாகக் கிளம்பினார். எத்தனை நாள்தான் ஒரு மனிதனை வீட்டுக்குள் வைத்திருப்பது? அவர் வேலியைத் தாண்டியதும் தடியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். இருபது முப்பது அடி தள்ளியே நடந்தேன். பாதித் தெருவில் அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னா, பின்னாலயே வர்றே?"

"நடக்கணும்னு வைத்தியர் சொல்லியிருக்காரு."

அவர் அங்கேயே நின்று நான் வந்து சேரும்வரை காத்திருந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம். அவர் நடையும் என் நடையும் ஒரே வேகம்தான். கடை முனைக்கு வந்தபோது எதிரே ஒரு லாரி வந்தது. இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி ஓரமாக ஒதுங்கி, தலையைத் தாழ்த்திக்கொண்டோம். லாரியில் ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள், நெருக்கியடித்துக்கொண்டு, தோட்டத்து ஆட்கள். அது எங்களைத் தாண்டிப்போய்த் தூசி அடங்கும்வரை நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவரும் விடச் சொல்லவில்லை.